மலை எந்தப் பக்கம்

அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளிக்கூடம்,
ஒன்பதாம் வகுப்பு சி பிரிவு.
மைக் இரைகிறது. சால்வை தோளில் நிற்கவில்லை.
எழுதிக் கொடுத்த கேள்விகளை எல்லோரும் கேட்டு முடித்தபின்
ரயிலில் வருகிற பிள்ளை ஒருத்தி எழுந்தாள்,
ஆமினா பர்வின், ரவணசமுத்திரம்.

'ஒங்க கதையில செல்வஜோதி ஊருக்குத் திரும்பி வாரா.
அம்பை தாண்டுனதும் வலப்பக்க ஜன்னல்ல
மலை தெரியுதுன்னு போட்டிருக்கீய.
செங்கோட்டைக்குப் போற வண்டிக்கு
மலை இடப்பக்கம்லா?'

உட்காரு என்றார் டீச்சர்.
நான்தான் அவளை நிற்கச் சொன்னேன்.
நான்கு பதிப்பு வந்த நாவல்.
இரண்டு பேர் மெய்ப்புப் பார்த்தார்கள்.
'நிலக்காட்சியின் துல்லியம்' என்று எழுதி
ஒரு குழு அதற்குப் பரிசும் கொடுத்திருக்கிறது.

கீழக்கடையத்துக்காரி எனக்கு
மலை எப்படி இடம் மாறியது?

மீட்டர் கேஜ் ஓடிய காலத்தில்
இந்தத் தடத்தில்தான் படிக்கப் பழகினேன்.
அக்னி நட்சத்திர வெயிலில்
பனியில் புதைந்த ஓர் ஊரின் கதை.
குதிரைவண்டிக்காரன் பிழைப்பானா மாட்டானா என்று
புரட்டிக்கொண்டிருந்தபோது கடையம் போயிற்று,
மேட்டூரும் போயிற்று.
பாவூர்சத்திரத்தில் இறங்கி நின்றேன்.
தக்காளி மூட்டைகளுக்கு நடுவே ஒருவர்
'ஏ பிள்ள, யாரைத் தேடுத?' என்றார்.
வண்டிக்காரனை என்று சொல்ல முடியுமா.
அதுதான் நான் தனியாகப் போன முதல் ஊர்,
ஒன்பது கிலோமீட்டர் இருந்தால் அதிகம்.

பிறகு நிறைய ஊர்கள்.
கவுகாத்தி, லிஸ்பன், பெயர் மறந்த ஒரு துறைமுகம்.
விடுதிப் படிவங்களில் நிரந்தர முகவரி என்ற கட்டத்துக்கு
ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று எழுதினேன்.
எதற்கும் கடிதம் வரவில்லை, யாரும் கண்டுபிடிக்கவில்லை.
எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கு
காகிதக் கைக்குட்டையில் ரயில் தடம் வரைந்து
புள்ளி வைத்துக் காட்டுவேன்.
மலையையும் வரைவேன், கோடுகோடாக,
வலப்பக்கத்தில்.

அந்த மேடையில் வைத்துத்தான் புரிந்தது.
விடியற்காலை நெல்லைக்குப் போகிற வண்டிக்கு
மலை வலது.
பெட்டியைக் காலடியில் தள்ளிவிட்டு
நான் பார்த்த மலையெல்லாம்
கிளம்பிப் போகிறபோது பார்த்தது.
திரும்பி வருகிறவளுக்குப்
போகிறவளின் ஜன்னலைக் கொடுத்துவிட்டேன்.

'தப்புதான்' என்றேன். கைதட்டினார்கள், எதற்கென்று தெரியாமல்.
அவளுக்கு மட்டும் இரக்கம் வந்துவிட்டது.
'இஞ்சினுக்கு முதுகு காட்டி ஒக்காந்திருந்தா
சரியா வரும்க்கா. அப்பிடி வச்சுக்கிடுவோம்.'
கொஞ்சம் யோசித்து,
'ஆனா சாயங்கால வண்டியில அந்தப் பக்கம் ஒருத்தரும் மலை பாக்க மாட்டாவ.
வெயில் கண்ணுல குத்தும். ஷட்டரை இறக்கிருவோம்.'

ஐந்தாம் பதிப்புக்கு என்று
அழைப்பிதழின் பின்புறம் குறித்துக்கொண்டேன்:
ஷட்டர்.

தம்பி வீட்டில் இரவு தங்கல்.
அதே சாயங்கால வண்டி, அதே பெட்டி.
இடப்பக்கம் முழுக்க ஷட்டர் இறங்கியிருந்தது,
இடுக்கு வழியே வெளிச்சம்
எதிர் சீட்டுக்காரரின் வேட்டியில் கோடு போட்டது.
ஆமினா என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப்
பைக்குள்ளிருந்து புத்தகம் எடுத்தாள்.
என்னுடையது இல்லை.
அட்டையில் ஒரு கப்பல்.

ஆழ்வார்க்குறிச்சி வந்தது. அவள் நிமிரவில்லை.
ரவணசமுத்திரம் நெருங்குகிறது,
வண்டி வேகம் குறைக்கிறது, பக்கம் புரள்கிறது.
சொல்லவா வேண்டாமா என்று
நான் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கையில்
எழுந்தாள்.
விரலைப் பக்கத்துக்குள் வைத்தபடி,
கண்ணை வரியிலிருந்து எடுக்காமல்,
வாசற்படி, கம்பி, நடைமேடை
எல்லாவற்றையும் காலாலேயே கண்டுபிடித்து
இறங்கிப் போனாள்.

அடுத்தது கடையம்.
கையிலிருந்ததை மூடி மடியில் வைத்தேன்.
எனக்கு இன்னும் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.